செமினார் பேச்சுக்கு ராஜேந்திர சோழன் சரிவருவாரா? கப்பல்காரர் கருத்துச் சொல்லுங்கள்

கல்லடி_செகண்ட்மேட்:

வணக்கம். லீவில் கல்லடியில் நிற்கிறேன். அடுத்த கப்பல் ஏறமுன் ஒஃபிசர்மாருக்குக் கம்பனி ஒரு செமினார் வைக்கிறது. ஆளுக்கொரு சரித்திர ஆட்சியாளரை எடுத்து, அவரிடமிருந்து வணிகக் கப்பல் வேலைக்கு என்ன படிக்கலாம் என்று பேச வேண்டுமாம். போன தடவை நெப்போலியனும் செங்கிஸ்கானும் வந்து போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் கடல் ராசியில்லை என்பதை அங்கே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் ராஜேந்திர சோழனை எடுக்க நினைக்கிறேன். நம்ம ஆள் என்பதற்காக மட்டும் இல்லை. 1025இல் கடாரத்துக்கு, அதாவது மலேசியாவின் கெடாவுக்கு, போன படையெடுப்பை ஒரு பாசேஜ் பிளானாகப் பார்த்தால் பேச நிறைய இருக்கிறது. பயணத் திட்டத்துக்கு ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) சொல்லும் நாலு படியும் உங்களுக்குத் தெரியும்: தகவல் திரட்டு, திட்டம் போடு, ஓட்டு, கண்காணி. நம்மில் பலர் முதல் படியை எக்டிஸில் (மின்னணு சார்ட்டில்) பழைய ரூட்டைக் கொப்பி பண்ணி முடித்துவிடுகிறோம். சோழருடைய பலமே அந்த முதல் படிதான். தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டிலேயே மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் பொறுப்பில் ஒரு குளம் இருந்ததைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. எந்த மாதம் எந்தக் காற்று, எந்த ஊரில் தண்ணீர், யாரிடம் எவ்வளவு சரக்கு என்பதெல்லாம் படை கிளம்ப முன்னமே வணிகர் வாயிலாக வந்து சேர்ந்திருக்கும்.

இரண்டாவது, அவருடைய படை போனது, அடித்தது, திரும்பியது. அங்கே உட்கார்ந்து ஆள முயலவில்லை. வேலை எது என்பதில் தெளிவு. மூன்றாவது, மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டில் வரும் மன்னர் புகழ்ப் பாட்டில்) வரும் இடங்களை வரிசையாக வேபொயிண்ட் (வழிப்புள்ளி) மாதிரி கடல் சார்ட்டில் போட்டுக் காட்டலாம். மாநக்கவாரம், அதாவது நிக்கோபார், நமது கப்பல்கள் இன்றைக்கும் மலாக்கா போகும் வழியில் பார்க்கும் இடம்.

என்ன சொல்கிறீர்கள்?


ஒலுவில்_அலை:

எந்த ராசாவை எடுத்தாலும் எஞ்சின் ரூமைப் பற்றி ஒரு வரி வராது, அதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். 😀

மச்சான், ராஜேந்திரனைவிட இலங்கை மன்னர் முதலாம் பராக்கிரமபாகு நல்லம் என்பேன். 1165ஐ ஒட்டி பர்மாவுக்குப் படை அனுப்பினார். யானை வியாபாரத்தில் வந்த சண்டை. இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்தைப் படித்தால் ஸ்டோர்ஸ் லிஸ்ட் படிப்பதுபோல இருக்கும்: ஒரு வருடத்துக்குச் சாப்பாடு, நச்சு அம்புக்குத் தோல் கவசம், மருந்து, வைத்தியர். புயலில் பல கப்பல் போய்விட்டது, மிச்சம் ஒன்றுக்கொன்று தூரமாக வெவ்வேறு கரையில் ஒதுங்கியது. ஒதுங்கியவர்கள் அதோடு வேலையைப் பார்த்தார்கள். எல்லாக் கப்பலிலும் எல்லாம் இருந்தால்தான் அப்படி முடியும். சாப்பாடு ஒரு கப்பலில், மருந்து இன்னொரு கப்பலில் என்று ஏற்றியிருந்தால் கதை முடிந்தது. ஸ்பெயார் பார்ட் கேட்டால் ‘அடுத்த போர்ட்டில் பார்ப்போம்’ என்று சொல்லும் சூப்பரின்டென்டன்மார் எல்லாருக்கும் இதை அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.


வந்தாறுமூலை_வரலாறு:

தம்பி, தலைப்பு நல்லது. ஆனால் சார்ட்டில் போட முன் சில விஷயம்.

மெய்க்கீர்த்தி வரிசை கப்பல் போன வரிசை இல்லை. பட்டியல் ஸ்ரீவிஜயத்தில் தொடங்கிக் கடாரத்தில் முடிகிறது. ஸ்ரீவிஜயம் சுமாத்திராவின் தெற்கே பலெம்பாங் பக்கம், கடாரம் வடக்கே கெடா. மாநக்கவாரம் கடைசிக்கு முதல்தான் வருகிறது. அந்த வரிசையை அப்படியே கோடு போட்டு இணைத்தால் கப்பல் பின்னுக்கும் முன்னுக்கும் ஓடும். தலைநகரை முதலில் அடித்தார்களா, அல்லது புலவர் பெரிய பெயரை முதலில் வைத்தாரா என்பது ஆய்வாளர் இன்னும் வாதாடும் விஷயம்.

கப்பல் எண்ணிக்கை சொல்லவே சொல்லாதீர்கள். முகநூலில் ஆயிரம், பத்தாயிரம் என்று சுற்றுகிறது. மெய்க்கீர்த்தி சொல்வது ‘அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி’. பல கலம், அவ்வளவுதான்.

பகை எப்படி வந்தது என்பதும் முக்கியம். ஸ்ரீவிஜய மன்னர் பெயரில் நாகப்பட்டினத்தில் விகாரை எழுந்தது, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தார், லெய்டன் செப்பேட்டில் அது இருக்கிறது. கொஞ்சக் காலத்தில் அடுத்த தலைமுறை படையோடு போகிறது. நடுவில் 1015இல் சோழத் தூதுக்குழு சீனாவுக்குப் போயிருக்கிறது. சீன வியாபாரத்தில் நடுத்தரகன் யார் என்ற போட்டிதான் காரணம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். நேற்றுவரை நல்ல வாடிக்கையாளர், இன்று போட்டியாளர். உங்கள் தொழிலில் அது புதிதா என்ன?

இன்னொன்று. உங்கள் செமினாரில் சிங்கள ஒஃபிசர்மாரும் இருப்பார்கள். இதே ராஜேந்திரன் காலத்தில்தான் 1017இல் இலங்கை மன்னர் ஐந்தாம் மகிந்தன் முடியோடு பிடிபட்டுத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார். பேசக்கூடாது என்று சொல்லவில்லை. கேள்வி வந்தால் பதில் கையில் இருக்கட்டும்.


மட்டுறுத்துநர்:

மேலே உள்ள கடைசிப் பந்தியைப் பிடித்துக்கொண்டு வந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. தலைப்பு கப்பல் வேலை. அதில் நில்லுங்கள்.


முகத்துவாரம்:

ஓய்வுபெற்ற மாஸ்டர் (கப்டன்) நான், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிச் செமினார்களில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. ராசாக்களின் கதையைக் கேட்டுவிட்டுப் போகும் இளம் ஒஃபிசர், கப்டன் என்றால் குட்டி ராசா என்று நினைத்துக்கொண்டு போகிறான். ஐஎஸ்எம் கோட் (கப்பல் பாதுகாப்பு மேலாண்மை விதிகள்) மாஸ்டருக்கு மேலதிகாரம் தருகிறது, உண்மை. ஆனால் அது பாதுகாப்புக்கும் கடல் மாசு தடுக்கவும் கம்பனியையும் மீறி முடிவெடுக்கத் தந்த அதிகாரம். பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் இடத்தில்) நிற்பவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பதற்குத் தந்ததில்லை.

நான் தேர்ட் மேட்டாக இருந்தபோது ஒரு கப்டனோடு ஓடினேன். பெரிய சத்தம் போடாத மனுசன். ஒரு இரவு லிட்டில் பாசஸ் வெளிச்சவீட்டுக்கு வெளியே வருகிறோம். அந்தப் பக்கம் தெரியும்தானே, ஆழ்கடல் படகுகள் வலை போட்டுவிட்டு வெளிச்சமே இல்லாமல் கிடக்கும். ரேடாரில் முன்னுக்கு ஏதோ மினுங்குகிறது. சீஃப் மேட் அலைதான் என்று சொல்ல வாயெடுத்தார். கப்டன் கையை உயர்த்தி அவரை நிறுத்தி, மூலையில் நின்ற கேடட்டிடம் (பயிற்சி ஒஃபிசரிடம்) பைனாகுலரை நீட்டினார். “நீ சொல்லு, என்ன தெரியுது?” பெடியன் நடுங்கிக்கொண்டு, “ஆரோ டோர்ச் அடிக்கிற மாதிரி இருக்கு சேர்” என்றான். கப்பல் வலது பக்கம் திரும்பியது. பக்கத்தால் போகும்போது பார்த்தோம், சின்னப் படகு, ஒருவன் எழுந்து நின்று டோர்ச்சை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு காரணம் கேட்டேன். ‘பெரியவன் முதலில் பேசிவிட்டால் சின்னவன் கண்டது மறைந்துவிடும். அதனால் எப்போதும் கீழே இருந்துதான் கேட்பேன்’ என்றார். ராஜேந்திரன் சபையில் இது நடந்ததா என்று கல்வெட்டு சொல்லாது. மெய்க்கீர்த்தி என்பது ராசா சொல்லி எழுதிய சிவி. இடித்துரைத்த அமைச்சர் யார், ‘இந்தக் காற்றில் வேண்டாம்’ என்று சொன்ன மாலுமி யார் என்பது அதில் வராது. ஆகவே ராசாவிடம் ஆயத்தத்தைப் படியுங்கள். பிரிட்ஜில் நடந்துகொள்ளும் முறையை அவரிடம் படிக்காதீர்கள்.


கல்முனை_சார்ட்டரிங்:

கப்டன் காக்கா எழுதியதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் கரையில் இருந்து பேசுகிறேன். கொழும்பில் கப்பல்களை வாடகைக்குப் பேசும் சார்ட்டரிங் டெஸ்கில் வேலை.

செகண்ட் மேட்டுக்கு ஒரு கேள்வி: மட்டக்களப்பில் பிறந்துவிட்டு எதற்குக் கடாரம் வரை போகிறீர்கள்? புளியந்தீவுக் கோட்டை உங்கள் வீட்டில் இருந்து பாலம் தாண்டினால் வருகிறது. கப்பல்காரனுக்குப் படிக்க வேண்டிய ராசா அங்கே இருக்கிறார்: கண்டியின் இரண்டாம் இராஜசிங்கன்.

1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கீசப் படையைத் துடைத்து எறிந்தவர். தரையில் அவரை அசைக்க முடியாது. ஆனால் கையில் ஒரு கப்பல் இல்லை. கரையோரக் கோட்டைகளுக்குக் கடல்வழியாகச் சாமான் வந்துகொண்டே இருக்கும்வரை அவற்றை விழுத்த முடியாது. அதற்காகத்தான் ஒல்லாந்தரை (டச்சுக்காரரை) கூப்பிட்டார். அவர்களுடைய தளபதி வெஸ்டர்வோல்ட் கப்பல்களோடு வந்தார், மே 18இல் மட்டக்களப்புக் கோட்டை விழுந்தது, 23இல் ஒப்பந்தம். அதுவரை எல்லாம் கெட்டித்தனம். கப்பல் இல்லாதவன் கப்பல் உள்ளவனைச் சார்ட்டர் பண்ணினான், அவ்வளவுதான்.

இப்போது ஒப்பந்தத்தைச் சார்ட்டர் பார்ட்டியாக, அதாவது கப்பல் வாடகை ஒப்பந்தமாக, வாசியுங்கள். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருக்கலாம் என்று மூன்றாவது சரத்து. மன்னரிடம் இருந்த போர்த்துக்கீசப் பிரதியில் ‘மன்னர் விரும்பினால்’ என்ற கருத்தில் ஒரு நிபந்தனை. ஒல்லாந்தரின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போன ஒல்லாந்தப் பிரதியில் அது இல்லை. இரண்டு பக்கமும் தங்கள் பிரதியைக் காட்டிச் சத்தியம் பண்ணலாம். எங்கள் டெஸ்கில் ரீகெப்பில் (பேசி முடித்ததன் சுருக்கத்தில்) ஒன்றும் கையெழுத்தான தாளில் இன்னொன்றும் வந்து வருடக்கணக்காக இழுபட்ட வழக்குகள் இதே சாதிதான்.

அதைவிடப் பெரிய ஓட்டை அடுத்தது. கப்பற்படைக்கும் ஆட்களுக்கும் ஆகும் செலவை மன்னர் கறுவாவும் மிளகும் மெழுகுமாகக் கொடுப்பதாகச் சம்மதித்தார். எவ்வளவு செலவு என்று எழுதுவது யார்? ஒல்லாந்தர். எவ்வளவு கறுவா வந்தது, என்ன விலை என்று எழுதுவது யார்? அதுவும் ஒல்லாந்தர். 1640இல் நீர்கொழும்பும் காலியும் விழுந்தன, கடன் தீரவில்லை என்று சொல்லி அவர்களே வைத்துக்கொண்டார்கள். 1656இல் கொழும்பு விழுந்தபோது மன்னருடைய ஆட்களுக்குக் கதவே திறக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்களத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

தம்பி, செகண்ட் மேட்டுக்குப் படையெடுப்பு எதற்கு? துறைமுகத்தில் கார்கோ வாச்சில் நிற்கும்போது உங்கள் கையில் இருப்பது போர்ட் லொக், துறைமுகத்தில் நடப்பதை எழுதும் பதிவேடு. மழைக்கு ஹெச்சை (சரக்கறை மூடியை) எப்போது மூடினீர்கள், கிரேன் எப்போது பழுதானது, அது கப்பல் கிரேனா கரைக் கிரேனா, லொறி வராமல் எவ்வளவு நேரம் நின்றது. ஏஜென்ட் கடைசியில் ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபெக்ட்ஸ் (துறைமுகத்தில் எது எப்போது நடந்தது என்ற தாள்) கொண்டுவருவார், கப்பல் கிளம்பும் அவசரத்தில் கையெழுத்துக் கேட்பார். அதில் உள்ளதை வைத்துத்தான் லேடைம் (சரக்கு ஏற்றி இறக்கத் தந்த நேரம்) கணக்கு, டெமரேஜ் (தாமதப் பணம்) யாருக்கு என்பதெல்லாம். உங்கள் லொக்கோடு ஒத்துப்போகாவிட்டால் கப்டனிடம் சொல்லி ரிமார்க் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் பிறகு நான் கொழும்பில் இருந்து கத்தி ஒரு பிரயோசனமும் இல்லை. இராஜசிங்கனிடம் வாள் இருந்தது, போர்ட் லொக் இருக்கவில்லை.


ஒலுவில்_அலை:

கடைசி வரியை நான் களவெடுக்கிறேன். 😀

துறைமுகம் என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் டென்மார்க் கடனில் துறைமுகம் கட்டி 2013இல் திறந்தார்கள். வாயில் மண் மூடியது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் தின்றது. மண் எந்தப் பக்கம் ஓடும் என்று எங்கள் ஊர்க் கரைவலைக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கப்டன் காக்கா சொன்ன ‘கீழே இருந்து கேள்’ இதற்கும் பொருந்தும்.


திருக்கோவில்_கேடட்:

அண்ணாமார், நான் இன்னும் கேடட், ஒரு கேள்வி கேட்கலாமா? 2020 செப்டம்பரில் எங்கள் சங்கமன்கண்டிக்கு நேரே கடலில் நியூ டயமண்ட் டேங்கர் எரிந்தது. குவைத்தில் இருந்து பரதீப்புக்கு 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெயோடு போன கப்பல். ஊரெல்லாம் எண்ணெய் கரைக்கு வரப்போகிறது என்று பயந்துகொண்டு இருந்தோம். அப்படி ஒரு நேரத்தில் உதவிக்கு வருபவனோடு உட்கார்ந்து சரத்துச் சரத்தாகப் பேச முடியுமா? இராஜசிங்கனுக்கும் அதே அவசரம் இருந்திருக்கலாம் அல்லவா?


கல்முனை_சார்ட்டரிங்:

நல்ல கேள்வி தங்கச்சி. அதற்காகத்தான் சால்வேஜில் (ஆபத்தில் உள்ள கப்பலைக் காப்பாற்றும் வேலையில்) லொயிட்ஸ் ஓப்பன் ஃபோர்ம் என்று ஒன்று இருக்கிறது. ‘காப்பாற்றினால் காசு, இல்லாவிட்டால் இல்லை’ என்பது அதன் அடி. எவ்வளவு காசு என்று அந்த நேரம் பேசுவதில்லை. கப்பலும் சரக்கும் தப்பிய பிறகு இலண்டனில் நடுவர் தீர்மானிப்பார். அதாவது அவசரத்தில் விலை பேசாதே, விலையை யார் தீர்மானிப்பது என்பதை மட்டும் பேசிவிடு, அது உதவிக்கு வந்தவனாக இருக்கக்கூடாது. இராஜசிங்கனுக்கு அப்படி ஒரு நடுவர் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் கண்டிக்கும் பத்தாவியாவுக்கும் நடுவே யார் உட்காருவது?

ஆனால் அவசரம் என்பதை நான் ஏற்கமாட்டேன். கன்னொறுவையில் வென்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பேரம் பேச அதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்க்கவே இல்லை.


முகத்துவாரம்:

இராஜசிங்கனை இளிச்சவாயர் என்று மட்டும் காட்டிவிடாதீர்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஒல்லாந்தரைத் தூங்கவிடாத மனுசன். நம்ம கரையிலேயே இன்னொரு கதை இருக்கிறது. 1659 கடைசியில் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் இந்தியக் கரையில் புயலில் பாய்மரம் முறிந்து, திருத்திக்கொள்ளத் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்டன் ஊர்க்காரரோடு நல்லபடி வியாபாரம் பண்ணினார். ஆனால் மன்னருக்கு ஒரு கடிதமோ காணிக்கையோ அனுப்பவில்லை. வந்தவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று மன்னருக்குச் சந்தேகம். ஆட்களைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். கப்டன் அங்கேயே செத்தார். அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸ் 1679இல்தான் தப்பினார்.

பிரீ அரைவல் பேப்பர்களை (துறைமுகத்துக்கு வரமுன் அனுப்பும் தாள்களை) ஏஜென்ட் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடும் பெடியன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நங்கூரம் போட நல்ல இடம் கிடைத்துவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.


கல்லடி_செகண்ட்மேட்:

எல்லாருக்கும் நன்றி. ராஜேந்திரனை முதல் ஐந்து நிமிடத்தோடு நிறுத்தப்போகிறேன், ஆயத்தத்துக்கு மட்டும், சார்ட்டும் கோடும் இல்லாமல். மிச்சம் முழுக்க இராஜசிங்கன். ஒரு சிலைடில் மூன்றாவது சரத்து இரண்டு பிரதியிலும் பக்கத்துப் பக்கத்தில், அடுத்த சிலைடில் ஒரு ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபெக்ட்ஸ் தாள், ரிமார்க் எழுதும் இடம் காலியாக. பேர் எல்லாம் மறைத்துத்தான் போடுவேன்.

கப்டன் ஐயா, கேடட் கதையைச் சொல்ல உங்கள் அனுமதி வேண்டும். ஒரு சந்தேகம்: பிலிப்பீன்ஸ், உக்ரேன் ஆட்களுக்கு இராஜசிங்கன் யாரென்றே தெரியாது. அறிமுகத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?


முகத்துவாரம்:

தாராளமாகச் சொல்லுங்கள், கப்பல் பெயர் வேண்டாம். அறிமுகத்துக்கு ஒரு நிமிடம் போதும். ‘மலை நாட்டு ராசா, கப்பல் இல்லை, கறுவா இருக்கிறது’ என்றால் உக்ரேன்காரனுக்கும் விளங்கும்.


வந்தாறுமூலை_வரலாறு:

தம்பி, அந்தச் சிலைடில் ‘ஒல்லாந்தர் ஏமாற்றினர்’ என்று தலைப்புப் போடவேண்டாம். இரண்டு பிரதிக்கும் வித்தியாசம் இருப்பது பதிவான விஷயம், அதைக் காட்டுங்கள், வார்த்தையை யார் வேண்டுமென்று விட்டார் என்பதைச் சபையே பேசட்டும். மன்னர் பக்கமும் சுத்தம் என்று சொல்ல முடியாது. காலியைப் பிடித்த ஒல்லாந்தத் தளபதி கொஸ்தர் 1640இல் கண்டிக்குப் போய்க் கணக்குப் பேசிவிட்டுத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார்.

படம் வேண்டுமென்றால் கோட்டைக்கே போகலாம், பல காலம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) இயங்கிய இடம். வாசலில் கேட்டுவிட்டு வாவிப் பக்க மதிலைப் படம் எடுங்கள். இப்போது நிற்கும் மதிலில் பெரும்பகுதி பிறகு ஒல்லாந்தர் கட்டியது, 1638இல் விழுந்த போர்த்துக்கீசக் கோட்டை என்று கீழே எழுதிவிடாதீர்கள்.